கிறிஸ்துமஸ் கிரேஸி குவில்ட்: அச்சிட்ட படம் துணியோடு சேர என்ன செய்ய வேண்டும்?

பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் படங்களைத் துணியில் அச்சிட்டு, அவற்றை நடுவில் வைத்து 12 அங்குலத்தில் நான்கு கிரேஸி குவில்ட் பிளாக்குகள், அதாவது ஒழுங்கற்ற துணித்துண்டுகளை இணைத்து அலங்காரத் தையல் போடும் ஒட்டுத்துணிப் போர்வைக்கான சதுரங்கள், தைக்க விரும்புகிறீர்கள். முதல் பிளாக்கில் படம் சுவரொட்டி போல ஒட்டாமல் நிற்கிறது, நனைத்ததும் சிவப்பு கசிந்துவிட்டது என்கிறீர்கள். அச்சிட்ட படத்தை வைப்பதே குறுக்கு வழியோ என்றும் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் படம் ஒட்டாமல் நிற்பதற்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

குறுக்கு வழி இல்லவே இல்லை. இந்தக் கலை பிறந்த நாளிலிருந்தே அதில் படங்கள் உண்டு. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் ஜப்பானிய அரங்கைப் பார்த்தவர்கள், இடமும் வலமும் ஒத்துப்போகாத அந்த வடிவமைப்பில் சொக்கிப்போனார்கள். லண்டனின் ராயல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் நீடில்வொர்க்கும் அங்கே தன் பூத்தையலைக் காட்சிக்கு வைத்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டு, வெல்வெட், சாட்டின் துண்டுகளைக் கோணல்மாணலாக இணைத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் அலங்காரத் தையல் போடும் வழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. 1880கள் அதன் உச்சம். அந்தப் பெண்கள் கைக்குக் கிடைத்த அச்சு வேலை எதையும் விடவில்லை. சுருட்டுக் கட்டுகளைச் சுற்றிவந்த பெயர் பொறித்த பட்டு ரிப்பன், ஊர்வலத்திலும் மாநாட்டிலும் சட்டையில் குத்திக்கொண்ட நினைவு ரிப்பன், இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தாமஸ் ஸ்டீவன்ஸ் ஜக்கார்ட் தறியில் நெய்து விற்ற பட்டுப் படங்கள் எல்லாமே குவில்டுக்குள் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகரெட் பெட்டிக்குள் படம் அச்சிட்ட சிறு பட்டுத் துண்டுகள் வந்தபோது அவற்றையும் சேர்த்துத் தைத்தார்கள்.

அந்தப் பழைய குவில்டுகளில் படம் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. காரணம், அதுவும் பட்டு, அதைச் சுற்றியிருப்பதும் பட்டு. எல்லா இணைப்புகளுக்கும் கிடைத்த அதே தையல் அதற்கும் கிடைத்தது. உங்கள் படமோ வெளிர் நிறப் பருத்தி. மினுக்கமில்லாதது, மேடு பள்ளமில்லாதது. சுற்றிலும் வெல்வெட்டும் சாட்டினும் இருக்கும்போது அது ஒன்று மட்டும் அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம் படத்துக்கு உறவு தேடித் தருவது. அதே பிளாக்கில் இன்னும் ஒன்றிரண்டு இடத்தில் மினுக்கமில்லாத பருத்தியோ மெல்லிய கம்பளித் துணியோ வையுங்கள். அட்டையின் ஓரத்தில் ஒரு ஹாலி (முள்ளோர இலையும் சிவப்புப் பழமும் உள்ள கிறிஸ்துமஸ் அலங்காரச் செடி) இலைக் கொத்தோ, வளைந்து வளைந்து எழுதிய வாழ்த்து வரியோ இருந்தால் அதை மட்டும் தனியாக வெட்டி, இரண்டு அங்குலத் துண்டாக அச்சிட்டு ஒரு மூலையில் சேருங்கள். நடுவிலுள்ள படத்துக்கு மூலையில் ஓர் எதிரொலி கிடைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது நிறம். பண்டிகைக் காலத்தில் கடைகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவும் பனிமனிதனும் மிட்டாய்க் குச்சியும் அச்சிட்ட துணிகள் குவிந்து கிடக்கும். அவற்றை வாங்கிச் சுற்றிலும் வைத்தால் பிளாக் கெட்டது என்றே சொல்வேன். படத்துக்குள்ளும் ஒரு தாத்தா, பக்கத்துத் துணியிலும் இருபது தாத்தா என்றால் கண் எங்கே நிற்கும்? பண்டிகையைப் படமும் தையலும் சொல்லட்டும். துணி நிறத்தை மட்டும் சொல்லட்டும். பளிச்சென்ற சிவப்பு, பளிச்சென்ற பச்சை என்ற ஜோடியையும் மறந்துவிடுங்கள். பழைய அட்டையை உற்றுப் பாருங்கள்: அதன் சிவப்பு செங்கல் பக்கம் சாய்ந்தது, பச்சை ஆலிவ் பக்கம் சாய்ந்தது. நடுவே காவி, புகை நீலம், பழுப்பு எல்லாம் உண்டு. அந்தப் படத்திலிருந்தே ஐந்து நிறங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்தையும் வெவ்வேறு துணி வகைகளில் தேடுங்கள். செங்கல் சிவப்பு வெல்வெட்டில், ஆலிவ் சாட்டினில், புகை நீலம் பட்டில், காவி ஜரிகைத் துணியில் என்று. நைந்துபோன பட்டுப் புடவையின் நல்ல பகுதி இருந்தால் அருமையாகப் பொருந்தும். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய லைனிங்கை அதன் பின்பக்கம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தையலோரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பட்டு ரிப்பன் ஏதாவது கையில் இருந்தால் அதைத் தைக்காதீர்கள். எடை கூட்டுவதற்காக அந்தக் காலத்தில் பட்டில் உலோக உப்புகளை ஏற்றினார்கள். அதனாலேயே பழைய கிரேஸி குவில்டுகளில் பட்டு கீறல் கீறலாகப் பிளந்து உதிர்கிறது. ரிப்பனை ஸ்கேன் செய்து அச்சிட்டுத் தையுங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள். குடும்பப் புகைப்படத்துக்கும் இதுவே விதி.

எந்தப் படம் என்பதிலும் ஒரு வார்த்தை. லண்டனில் ஹென்றி கோலுக்காக ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்து 1843இல் விற்பனைக்கு வந்ததுதான் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை. பாஸ்டனில் லூயி பிராங் 1875இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த வண்ண லித்தோ (கல்லச்சு) அட்டைகளில் பூக்களும் பறவைகளும் நிறைய. தாமஸ் நாஸ்ட் 1863 முதல் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வரைந்த கிறிஸ்துமஸ் தாத்தா ஓவியங்கள் கறுப்பு வெள்ளை. நிறங்களை நீங்களே தீர்மானிக்கலாம் என்பதால் அவை எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்கச் சட்டப்படி வெளியாகி 95 ஆண்டு கடந்த படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆகவே இவற்றில் தயங்க ஒன்றுமில்லை. பெரிய முகமோ ஒற்றை உருவமோ உள்ள படம் நான்கைந்து அங்குலத்தில் நன்றாகத் தெரியும். பத்துப் பேர் கூடிய விருந்துக் காட்சி அந்த அளவில் கலங்கிவிடும். அசல் அட்டையைவிடப் படம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பெரிதாக்கியபின் 300 புள்ளி மிஞ்சும், துணிக்கு அது தாராளம்.

இனி அச்சு. சிவப்பு கசிந்ததற்குக் காரணம் மை. வீட்டு இன்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மை மட்டும் தண்ணீரில் கரையாத நிறமி மை, மற்ற நிறங்கள் தண்ணீரில் கரையும் சாய மை. அதனால்தான் கோடுகள் அப்படியே நிற்க, சிவப்பு மட்டும் ஓடியிருக்கிறது. எல்லா நிறமும் நிறமி மையாக உள்ள பிரிண்டர் கிடைத்தால் கவலை பெருமளவு குறையும். கிடைக்காவிட்டால், மையைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு ஏற்கெனவே கொடுத்த, பின்னால் தாள் ஒட்டிய துணித்தாள்களை வாங்குங்கள். பருத்தியிலும் பட்டிலும் அவை கிடைக்கின்றன. பட்டில் அச்சிட்டால் மேலே சொன்ன மினுக்கச் சிக்கலும் சேர்ந்தே தீரும். நீங்களே துணியைத் தயார் செய்வதானால் பபுள் ஜெட் செட் என்ற திரவத்தில் 5 நிமிடம் ஊறவைத்து, உலர்த்தி, சுருக்கமில்லாமல் இஸ்திரி போடுங்கள். துணி நெருக்கமாக நெய்ததாக, ஒருமுறை துவைத்துக் கஞ்சி போக்கியதாக இருக்க வேண்டும்.

தனித்துணி பிரிண்டருக்குள் விறைப்பாகப் போகாது. ஃப்ரீசர் பேப்பர் என்று ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய தாள் அமெரிக்க மளிகைக் கடைகளில் கிடைக்கும். பளபளப்பான பக்கம் துணியைத் தொடும்படி வைத்து, நீராவி இல்லாத இஸ்திரியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், அச்சிட்டதும் உரித்துவிடலாம். அது கிடைக்காத ஊரில் ஏ4 அளவு முழு ஸ்டிக்கர் தாளின் மேல் துணியை ஒட்டினாலும் வேலை நடக்கும். ஒட்டிய பிறகுதான் ஏ4 அளவுக்கு வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் ஓரம் பிசிறும். ஒரே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது மைத்தலையில் சிக்கிப் படத்தின் குறுக்கே கோடு இழுக்கும். ஃப்ரீசர் பேப்பரை லேசர் பிரிண்டரில் விடவே கூடாது, உள்ளிருக்கும் சூட்டில் பிளாஸ்டிக் உருகி உருளையில் ஒட்டிவிடும். இஸ்திரியால் படத்தைத் துணிக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் தாளும் இந்த வேலைக்கு ஆகாது. துணியின் மேல் ரப்பர் படலமாக உட்கார்ந்துவிடும். கை ஊசி திக்கும், பிறகு படத்தின் மேல் இஸ்திரியையும் வைக்க முடியாது.

பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் தெரியப்போவது உங்கள் துணி. சந்தன நிறத் துணியில் அச்சிட்டால் பனியும் சந்தன நிறம், தாத்தாவின் தாடியும் சந்தன நிறம். உட்புறக் காட்சிக்கும் விளக்கொளிக்கும் அந்தப் பழுப்புச் சாயல் அழகு. பனிக் காட்சிக்கு வெள்ளைத் துணிதான் வேண்டும். துணி மையை உறிஞ்சுவதால் திரையில் தெரிவதைவிடப் படம் மங்கலாகவே விழும். ஆகவே நிறச் செறிவையும் ஒளி இருள் வேறுபாட்டையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். முழுப் படத்தை அச்சிடும் முன் படத்திலிருந்து ஒரு கீற்றை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது மை, துணி இரண்டையும் மிச்சப்படுத்தும். படத்தைச் சுற்றி அரை அங்குலம் வெற்றுத்துணி விட மறக்காதீர்கள், தையலுக்கு அது வேண்டும்.

அச்சிட்டதும் ஒருநாள் காயவிட்டு, தாளை உரித்து, அகலமான தட்டில் நிறையக் குளிர்ந்த நீர் எடுத்து, மென்மையான சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு அலசுங்கள். நீர் குறைவாக இருந்தால் கழன்ற மை திரும்ப வந்து வெள்ளைப் பகுதியில் படியும். முறுக்கிப் பிழியாமல், துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள். கசிய வேண்டியது இப்போதே கசிந்துவிடட்டும், பிளாக்குக்குள் போனபின் வேண்டாம்.

பிளாக் தைப்பதற்கு வருவோம். 12 அங்குல பிளாக்குக்கு 14 அங்குலத்தில் அடித்துணி வெட்டுங்கள். காடா துணியோ மல்லோ போதும். பூத்தையல் துணியை இழுத்துச் சுருக்கும் என்பதால்தான் இந்த இரண்டு அங்குலம். 12 அங்குல எல்லையை நூலோட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். படத்தின் பின்னால் ஒட்டும் லைனிங் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் மடிந்திருக்கும் அடர்நிறத் துணி வெளிர் படத்தின் ஊடாக நிழலாகத் தெரியும்.

நடுத்துண்டை ஐந்து பக்கம் உள்ளதாக வெட்டச் சொல்வது வழக்கம். ஆனால் உங்கள் படம் செவ்வகம், அதில் மனிதர்கள் நிற்கிறார்கள். பலர் செய்வது படத்தையே சாய்த்துவைப்பது. நின்றிருப்பவர்கள் விழப்போகிறவர்களாகத் தெரிவார்கள். என் வழி வேறு. படம் நேராகவே நிற்கட்டும், பிளாக்கின் மையத்திலிருந்து சற்று விலகி. அதன் நான்கு பக்கமும் முதல் சுற்றில் வைக்கும் பட்டைகளின் வெளி ஓரத்தைச் சாய்த்து வெட்டுங்கள்: ஒரு முனை ஓர் அங்குலம், மறுமுனை இரண்டரை அங்குலம், அடுத்த பட்டை அதற்கு எதிராகச் சாயட்டும். ஒரு மூலையைக் குறுக்கே வெட்டி இன்னொரு சிறு துண்டைச் செருகினால் ஐந்து பக்கம் ஆயிற்று. முதல் சுற்று முடியும்போதே செவ்வகம் கண்ணிலிருந்து மறைந்து, படம் ஒழுங்கற்ற கூட்டத்துக்குள் இயல்பாக உட்கார்ந்திருக்கும்.

தைக்கும் முறை எளிது. படத்தின் ஓரத்தில் அடுத்த துண்டை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேரும்படி கவிழ்த்து, கால் அங்குலம் விட்டு அடித்துணியோடு சேர்த்துத் தைத்து, திருப்பி, அழுத்தி, மிகுதியை வெட்ட வேண்டும். அடுத்த துண்டு முந்தைய துண்டின் முனையையும் மூட வேண்டும். இப்படியே ஒரே திசையில் சுற்றி வாருங்கள். வெளியே போகப் போகப் பட்டைகள் நீண்டுகொண்டே வரும், ஆறேழு அங்குல நீளத்தில் ஒரே துணி தெரிந்தால் பிளாக் சோம்பலாகிவிடும். இரண்டு மூன்று சிறு துண்டுகளை முதலில் தங்களுக்குள் இணைத்து, அந்த இணைப்பை ஒரே பட்டையாக வையுங்கள். எங்காவது இடுக்கு விழுந்தால் இயந்திரத்தோடு மல்லாட வேண்டாம். ஓரத்தை உள்ளே மடித்துக் கையால் தைத்துவிடுங்கள், மேலே ஒரு லேஸ் ஓடினால் யாருக்கும் தெரியாது. வெல்வெட்டை மேலே அழுத்தி இஸ்திரி போட்டால் அதன் ரோமம் படுத்துவிடும், துண்டின் மேல் கவிழ்த்துப் போடுங்கள்.

லேஸ், ரிக்ராக் (வளைந்து வளைந்து செல்லும் அலங்கார நாடா) இவற்றை அடுத்த துண்டு சேரும் முன்பே வைத்துவிட்டால் அவற்றின் முனைகள் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். படத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் லேஸ் வையுங்கள், நான்கு பக்கமும் வைத்தால் மறுபடியும் சட்டம் போட்ட படமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் கொடுப்பது இணைப்புகளின் மேல் போடும் தையலுக்கு. கிறிஸ்துமஸ் இங்கேதான் உயிர் பெறுகிறது. உதாரணமாக ஓர் ஊசியிலைக் கிளை. அடர்பச்சை ஆங்கர் பூத்தையல் நூலில் இரண்டு இழை எடுத்து, இணைப்பு நெடுகிலும் இறகுத் தையல் போடுங்கள்: இடம் ஒன்று, வலம் ஒன்று என்று ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். முடிந்ததும் வெளிர்பச்சையில் ஒற்றை இழை எடுத்து, ஒவ்வொரு கையின் இருபுறமும் குட்டி நேர்த்தையல்களைக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போட்டு வாருங்கள். இரண்டு பச்சைகளும் கலந்ததும் வெறும் தையல் கிளையாகிவிடும். கைகள் பிரியும் இடத்தில் மூன்று மூன்றாகச் சிவப்பு பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில் சுற்றிப் போடும் புள்ளி முடிச்சு) போட்டால் பழம். எல்லாக் கவட்டிலும் போட வேண்டாம், இரண்டு விட்டு ஒன்றில் போதும்.

சாய்ந்த தையல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் ஹெர்ரிங்போன் தையலின் ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலும் பொன்னிற மணி வைத்தால் விளக்குச் சரம். இதழ் போன்ற கண்ணிகளாக விழும் லேசி டெய்சித் தையலில் இரண்டு மூன்று பச்சை இலை, நடுவில் சிவப்பு மணி என்றால் ஹாலி. ஒன்றின் கீழ் ஒன்றாக அகலம் கூடிவரும் V வடிவ ஃப்ளை தையல் தேவதாரு மரம். வெள்ளி நூலில் ஆறு கதிர் நேர்த்தையல் பனித்துகள். இவற்றோடு ஒரு மூலையில் சிலந்தி வலையும் போடுங்கள். விக்டோரியா காலக் கிரேஸி குவில்டுகளில் சிலந்தி வலை மிகப் பரவலான அலங்காரம், நல்ல சகுனம் என்று எண்ணிப் போட்டார்கள். உக்ரைனியர்களிடம், ஏழை வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிலந்தி பின்னிய வலை விடிந்ததும் வெள்ளியாக மாறியது என்றொரு நாட்டுக்கதை உண்டு. இன்றும் மரத்தில் சிலந்தி வலை அலங்காரம் தொங்கவிடுகிறார்கள். ஆகவே வெள்ளி நூலில் ஒரு வலை கிறிஸ்துமஸ் பிளாக்கில் இரண்டு வகையிலும் பொருந்துகிறது.

படத்தின் மேல் ஊசி போடலாமா? கொஞ்சமாக. அச்சுக்குப் பக்குவப்படுத்திய துணியில் ஊசித்துளை எளிதில் மறையாது, பிரித்துப் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கே குத்துவது என்று முடிவு செய்தபின், 9 அல்லது 10 எண் மெல்லிய எம்பிராய்டரி ஊசியில் ஒற்றை இழை கோத்துக் குத்துங்கள். கூரைப் பனியில் சில வெள்ளை முடிச்சு, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பொன்னிழை, தொப்பி ஓரத்தில் ஒரு வரிசை. முகத்தைத் தொடவே தொடாதீர்கள். எவ்வளவு நுணுக்கமான கையானாலும், கண்ணையோ வாயையோ நூலால் சுற்றினால் முகபாவம் மாறிவிடும். படத்தின் ஒரு விவரம் ஓரத்தைத் தாண்டி வெளியே வருவது மட்டும் மிக நல்ல உத்தி: படத்திலுள்ள கிளை அச்சில் முடியும் இடத்திலிருந்து நூலில் தொடர்ந்து பக்கத்து வெல்வெட்டுக்குள் நீளட்டும். படத்துக்கும் துணிக்கும் இடையிலுள்ள எல்லையை இதைவிட நன்றாக அழிக்கும் வழி எனக்குத் தெரியாது.

பாசிமணி, ஜமிக்கி, சிப்பிப் பொத்தான், ஒலிக்கும் குட்டி மணிகள் எல்லாம் கடைசியில். 12 அங்குல எல்லைக் கோட்டிலிருந்து உள்ளே அரை அங்குலம் எதுவும் வைக்காமல் விடுங்கள். தையலோரத்தில் ஒரு கண்ணாடி மணி இருந்தாலும் பிளாக்குகளை இணைக்கும்போது இயந்திர ஊசி முறியும்.

ஹாலோவீன், காதலர் தினம், ஈஸ்டர் எதுவானாலும் இதே முறைதான். 1900களின் தொடக்கத்தில் வந்த ஹாலோவீன் தபால் அட்டைகளில், ஜெர்மனியில் அச்சானவை உட்பட, ஆரஞ்சும் கறுப்பும் மட்டுமில்லாமல் ஊதாவும் பாசிப்பச்சையும் இருக்கும். அவற்றையும் படத்திலிருந்தே எடுங்கள்.

நான்கு பிளாக்குகளையும் நேராக ஒட்டி இணைப்பதைவிட, நடுவே ஒன்றரை அங்குல அடர்நிற வெல்வெட் பட்டை கொடுத்தால் ஒவ்வொன்றும் மூச்சு விடும். பின்துணி வைத்தபின் அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் தையல் போட வேண்டியதில்லை. பழைய கிரேஸி குவில்டுகள் பெரும்பாலும் உள்ளே பஞ்சு இல்லாதவை, பின்துணியோடு ஆங்காங்கே முடிச்சுப் போட்டு நிறுத்தியவை; நீங்களும் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் பின்பக்கம் முடிச்சு விழும்படி கட்டிவிடுங்கள். இணைத்து முடித்தபின் துவைப்பதை மறந்துவிடுங்கள், மெல்லிய வலைத்துணியை வைத்து அதன் மேல் தூசியை உறிஞ்சி எடுத்தால் போதும். இன்க்ஜெட் மை வெயிலில் வெளுக்கும். உங்கள் மை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, சோதனைக்காக அச்சிட்ட அந்தக் கீற்றில் பாதியைப் புத்தகத்துக்குள்ளும் பாதியை ஜன்னலோரத்திலும் வைத்து இரண்டு மாதம் கழித்து ஒப்பிடுங்கள். டிசம்பரில் மட்டும் மாட்டுவதாக இருந்தால் பெரிய கவலையில்லை. ஜனவரியில் கழற்றியதும் மடிக்காமல், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கினால் ஜரிகை கறுத்துவிடும்.